சின்ன மீன் வளர்கிறது

சின்ன மீன் இப்போது சின்னதாக இல்லை. அம்மா வளர்த்த இரண்டு கோமாளி மீன்களில் பெரியது, அவள் இறந்த வாரமே செத்து மிதந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் சன்னமாக முனகிக்கொண்டிருக்க, கடற்சாமந்தியின் வழவழத்த விரல்களுக்கு நடுவிலிருந்து மிஞ்சிய மீன் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாகத் திரும்பியபோது, ஒரு மாதத்தில் இவ்வளவு வளருமா என்று மகள் குனிந்து பார்த்தாள்.

"பெருசுதான் பொண்ணாம். அது செத்துட்டா சின்னது வளந்து பொண்ணா மாறிடுமாம். கடைக்காரர் சொன்னார்," என்றார் அப்பா.

"நீங்களும் மாறிடாதீங்கப்பா."

அப்பா சிரித்தார். அம்மா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"ஏன், உனக்கு யாரு வேணும், சொல்லு?"

"அம்மாதான்," என்றாள், யோசிக்காமல்.

அவர் வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பல்செட்டைக் கழற்றி நீட்டினார். "இறுக்குதும்மா. கொஞ்சம் தேய்ச்சுக் குடு."

பல்செட் செய்வதுதான் அவள் வேலை. ஒரு பல்கூட இல்லாத அப்பாவுக்கு அவளே செய்தது; ஏழு வருடம் அச்சாகப் பொருந்தியது. தேய்த்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் மறுபடி இறுக்கியது. மறுபடி தேய்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. டாக்டர் அனுப்பும் ஈறு வார்ப்புகளைப் பார்த்தே வேலை செய்து பழகியவள். வாய்களைப் பார்ப்பது டாக்டர்.

பிறகு அவர் கேட்பதை நிறுத்தினார். பேசுவதையும்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தாள். வாசலில் அப்பாவின் செருப்பு. உள்ளே அம்மாவின் தைல வாசனை. இரை போடுமுன் அம்மா மோதிரத்தால் தொட்டிக் கண்ணாடியைத் தட்டும் சத்தம். மூன்று தட்டு. அந்த மோதிரம் இப்போது மகளின் விரலில் இருந்தது.

"அப்பா?"

மோட்டாரின் முனகல். தொட்டியருகே நாற்காலியில் ஒரு முதுகு.

"வந்துட்டியா, கண்ணு?"

அப்படிக் கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்தக் குரலுக்கு எத்தனை நாள் ஏங்கியிருந்தாள். போய் மண்டியிட்டு மடியில் முகம் புதைத்தாள். தலையை ஒரு கை வருடியது.

"அப்பா எங்கம்மா?"

"நீதானே கண்ணு நான்தான் வேணும்னு சொன்ன?"

மேசைமேல் கிண்ணத்துத் தண்ணீரில் அப்பாவின் பல்செட் கிடந்தது.

நிமிர்ந்தாள்.

சிரித்த வாய் நிறையப் பற்கள். ஓரத்தில் அம்மாவின் தெத்துப்பல்.