நான்கு ஜோடி லென்ஸ்

காலை 8.10. மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் தூக்கிய முதலாளியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லென்ஸ் அறுக்கும் மெஷினைக் காணோம். பூட்டு உடையவில்லை. போலீசுக்குப் போன் போட்டாள்.

8.45. செய்தி கேட்டு, நீதிமன்றம் நியமித்த அதிகாரி வந்தார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் பெண்மணி. கடனில் மூழ்கியவர்களுக்காக வந்த புதுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குக் கடன் கொடுத்த யாரும் கடைமேல் கைவைக்க முடியாது. அந்த உத்தரவை நேற்று மாலை கதவில் ஒட்டியவரே அவர்தான். ஆனால் கடைக்காரரே பொருளை ஒளித்தால் பாதுகாப்பு ரத்து. பதினோரு மணிக்கு நீதிமன்றத்தில் விசாரணை.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட, தம்பிகிட்ட, மெஷின்காரண்ணன்கிட்ட. வட்டிக்காரர் ஒண்ணைப் பிடுங்கிட்டுப் போனார். அவர்தான் மேடம்!"

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"கோர்ட்ல. அண்ணன்தான் கடையைப் பூட்டினார்."

"வேற என்ன காணோம்?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்குக் கொடுக்கவேண்டிய நாலு ஜோடி லென்ஸ். அது போனா போகுது, விடுங்க."

தங்க ஃபிரேம்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. அதிகாரி விடுவதாக இல்லை.

9.30. மெஷின்காரர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நாலு ஜோடியும் அறுத்தாச்சா அண்ணே?" என்றார் அதிகாரி.

மெஷின்காரர் முகம் வெளுத்தது. முதலாளியம்மாள் விழித்தாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"வட்டிக்காரருக்கு மெஷின் வேணும், தங்க ஃபிரேமும் வேணும். ஊரார் பவருக்கு வாங்கின லென்ஸ் எதுக்கும்மா? விக்கக்கூட முடியாது. எடுத்தவருக்கு ஒரே கவலை, சொன்ன நாள்ல கண்ணாடி கொடுக்கணும்."

மெஷின்காரர் உடைந்துபோனார்.

"நான் முன்னே வேலை பார்த்த கடையிலயும் இதே சீல் போட்ட காகிதத்தைத்தான் ஒட்டினாங்க. மறுநாளே ஜப்தி. நாற்காலியைக்கூட விடல. நேத்து இங்க அதே காகிதத்தைப் பார்த்ததும் படிக்கவே தோணல மேடம். மச்சானைக் கூட்டிட்டு வந்து மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே?"

"நீங்க அழுவீங்கம்மா."

10.20. மெஷின் மேஜைக்குத் திரும்பியது. ஆனால் புகார் பதிவாகியிருந்தது. அதிகாரி அறிக்கைத் தாளை எடுத்தார். அவருக்கே கை வரவில்லை.

"யார் எடுத்தாங்கன்னு எழுதியாகணும். நீங்க சொல்லி எடுத்தார்னா கடை போயிடும். தானா எடுத்தார்னா அவர்மேல கேஸ். புதுச் சட்டத்துல கடைக்குத்தான் பாதுகாப்பு. வேலைக்காரருக்கு இல்ல."

"தானாத்தானே எடுத்தேன். அப்படியே எழுதுங்க," என்றார் மெஷின்காரர்.

அதிகாரி முதலாளியம்மாளைப் பார்த்தார். உண்மை அதுதான். இருந்தாலும் அவள் ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று அவர் மனம் எதிர்பார்த்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் அவள் கழுத்துவரை சிவப்பாக ஏறியது.

மெஷின்காரர் சுவிட்சைப் போட்டார். நான்காவது ஜோடி இன்னும் முடியவில்லை.