கிருஷ்ணம்மா இறங்கவில்லை

கங்கையா ஸ்பேனர்களைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. புளிய மரத்தடியில் நாகபூஷணத்தின் வாடகைக் கார், முன்மூடியைத் திறந்து போட்டபடி நின்றிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மகள் சுந்தரம்மாவின் முனகல் விட்டுவிட்டுக் கேட்டது. தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். முந்தின இரவு பிடித்த வலி.

"புள்ள குறுக்கால கீது, ரத்னம்மா. என் கையில ஒண்ணுமில்ல. வெளக்கு வெக்கிறதுக்குள்ள திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடு. இல்லன்னா ரெண்டு உசுரும் தங்காது" என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

திருப்பதிக்கு மூன்று மணி நேரப் பாதை. ஊரில் இருந்தது இந்த ஒரு கார்தான். அது கிளம்ப மறுத்தது.

"இன்னாண்ணா, எந்த ராஜ்ஜியத்துல கீறோம்னு தெரியாம முழிக்கிதா வண்டி?" என்றான் கங்கையா. சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் ஊரே சொல்லிச் சிரித்த கேலி அது.

"வாய மூடிக்கினு வேலையப் பாருடா" என்றார் நாகபூஷணம். எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றி அவர் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ரத்னம்மா. பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியின் தும்மலும் இருமலும் அவளுக்குப் பழக்கம். அது படுத்துக்கொண்டால் எங்கே நோவு என்று கணவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இன்று தெரியவில்லை. தெரியவில்லை என்று நினைத்த மறுகணமே, தெரிந்துகொள்ள விரும்பாத ஏதோ ஒன்று நெஞ்சின் அடியில் புரண்டு படுத்தது.

கங்கையா ஹாரனை அழுத்தினான். கணீரென்று அலறியது. பேட்டரி சரி. பெட்ரோல் குழாயைக் கழற்றினான். துளித் தடையில்லாமல் வழிந்தது. பிளக் ஒயரை இரும்பருகே பிடித்து, "சுத்துண்ணா" என்றான். நீலப் பொறி பளிச்சென்று தாவியது.

"எல்லாம் நல்லாத்தான் கீது. அப்புறம் இன்னா கேடு இதுக்கு?" தலையைச் சொறிந்துகொண்டான். "எஞ்சின்ல காத்து நிக்கிதான்னு பாத்துட்றேன்."

பிளக் ஒன்றைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டான். நாகபூஷணம் சுற்றினார். நல்ல எஞ்சின் என்றால் காற்று விரலை எற்றித் தள்ளும். தள்ளியது.

"போதும்ணா. நிறுத்து."

விரலடியில் காற்று வந்துகொண்டே இருந்தது.

"நிறுத்துண்ணா, பாத்துட்டேன்."

"நான் எப்பவோ நிறுத்திட்டேன்டா."

கைப்பிடி தரையில் கிடந்தது. கங்கையாவின் விரல் துளையின் மேலேயே இருந்தது.

"வதினா, கொஞ்சம் இப்டி வா. நீ வெச்சிப் பாரு" என்று ரத்னம்மாவைக் கூப்பிட்டான்.

ரத்னம்மா விரலை வைத்தாள்.

வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. நின்றது. பிறகு மெல்ல, தோலை உள்ளே இழுத்தது.

மறுபடி வந்தது. மறுபடி இழுத்தது.

தூங்குகிறவர்கள் விடும் மூச்சு.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே யாருடையது என்று புரிந்துவிட்டது.

மூன்று நாளைக்கு முன் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து கிருஷ்ணம்மாவை இந்தக் காரில்தான் ஏற்றி வந்தார்கள். பிள்ளை பெற்ற ஆறாம் நாள், ஜன்னி கண்டு செத்துப்போனவள். ஊர் ஊத்துக்கோட்டைக்கு அப்பால், பச்சைக் குழந்தை அங்கே மாமியார் கையில். கூட வர அவள் புருஷனைத் தவிர யாருமில்லை என்று ரத்னம்மாவும் போனாள். பிணத்தை வண்டியில் கொண்டுபோகும்போது ஆறு தாண்டுகிற இடத்தில் பேர் சொல்லி, 'வண்டி ஆறு தாண்டுது, கூட வா' என்று மூன்று தரம் கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கூப்பிடாவிட்டால் உடம்பு மட்டும் இறங்கும், ஆள் வண்டியிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

ஆற்றங்கரையில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி. பிணம் என்று தெரிந்தால் எந்த ராஜ்ஜியத்துப் பிணம், சீட்டு எங்கே என்று பொழுதுக்கும் நிறுத்திவைப்பார்கள் என்று பயம். சேவகன் உள்ளே எட்டிப் பார்த்தான். மடியில் கிடந்த தலையைக் கோதிக்கொண்டே ரத்னம்மா சொன்னாள்: "தூங்குதுப்பா. ஜொரம் எறங்கிடுச்சி." சேவகன் காதில் விழுமென்று, ஆறு தாண்டும்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். சொல்லும்போது அதில் ஒரு தாயின் கனிவுகூட இருந்தது. அதைத்தான் அவளால் இப்போது பொறுக்க முடியவில்லை. அந்தக் கனிவை நம்பித்தானே அந்தப் பெண் இன்னும் தூங்குகிறாள்.

நாகபூஷணம் அருகே வந்து கிசுகிசுத்தார். "பேர் சொல்லிக் கூப்ட்டு, அது ஊட்டாண்ட எறக்கிவுட்டு வந்துட்லாமா?"

"எந்நேரமாவும்?"

"போய்வர ரெண்டு மணி."

உள்ளே சுந்தரம்மா கத்தினாள். இதுவரை கேட்காத குரல் அது.

"பிளக்க மாட்டு கங்கையா" என்றாள் ரத்னம்மா.

அவன் மாட்டி முடித்ததும், அவள் தனியாகப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி மருந்து வாசனை சூடாக முகத்தில் அடித்தது. காலிச் சீட்டின் நடுவில், ஒருவர் ஒருக்களித்துப் படுத்த அளவுக்குப் பள்ளம். அவள் குனிந்தாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அழுவாளோ, இறங்க மாட்டேன் என்பாளோ. அதற்கெல்லாம் நேரமில்லை. ஒரு மகளுக்காக இன்னொருத்தி மகளை ஏமாற்றப் போகிறோம் என்று தெரிந்தே வாயைத் திறந்தாள்.

"கிருஷ்ணம்மா, எழுந்திரும்மா. உன் புள்ளகிட்ட போறோம். கூட வா."

மூன்று தரம் சொன்னாள்.

பள்ளம் மெதுவாக எழும்பியது.

யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. கங்கையா பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

சுந்தரம்மாவை ஏற்றிக்கொண்ட கார் ஊத்துக்கோட்டைப் பக்கம், தெற்கே திரும்பவில்லை. வடக்கே, திருப்பதியைப் பார்த்துப் போனது. ரத்னம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்த சுந்தரம்மா நாகலாபுரம் தாண்டியதும் கண்ணைத் திறந்தாள்.

"யாரும்மா கால் பக்கம் குந்திக்கினு கீறது?"

"யாருமில்ல கண்ணு. நைனா முன்னால ஓட்டிக்கினு கீறாரு. கண்ண மூடிக்கோ."

விளக்கு வைக்கும் முன் போய்ச் சேர்ந்தார்கள். அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. இரண்டு உயிரும் தங்கின. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாகபூஷணம் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். ரத்னம்மாவுக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் காலை, மயக்கம் தெளிந்த சுந்தரம்மா பக்கத்தில் குழந்தை கிடந்தது. ரத்னம்மா சர்க்கரைத் தண்ணீரில் துணித்திரியை நனைத்து அதன் வாயருகே கொண்டுபோனாள். அது தலையைத் திருப்பிக்கொண்டது. கடைவாயில் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது.

"எப்பம்மா பால் குடுத்த?"

"நானா?" சுந்தரம்மா களைப்போடு சிரித்தாள். "எனக்கு இன்னும் பாலே ஊறலம்மா."

ரத்னம்மா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கிண்ணென்று நிறைந்திருந்தது.

யாரோ முதுகைத் தட்டிக் கொடுத்ததைப்போலக் குழந்தை ஒரு ஏப்பம் விட்டது.