திருவோணத்திலேயே காலமானவர்

இதனால் அன்னவாசல் பேரூராட்சிப் பொதுமக்கள் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்: ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. வசந்தகுமார் அவர்களின் அருமைத் தந்தையார், பெரியவர் ராசு அவர்கள், புதன்கிழமை மாலை சரியாக 4.50 மணிக்கு, திருவோண நட்சத்திரத்தில், இறைவனடி சேர்ந்தார்.

பத்தடி ஃப்ளெக்ஸில் அப்படித்தான் இருந்தது. கண்ணீர் அஞ்சலியில் நட்சத்திரம் போடுகிற வழக்கம் ஊரில் யாருக்கும் கிடையாது. வசந்தகுமார் போடச் சொன்னார். ‘சரியாக’ என்பதையும் அவர்தான் சேர்த்தார்.

அவர் மனைவி செல்வராணி ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை. மாமனாரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்தரை. கண்ணாடி மூடியில், கிழவரின் வாய்க்கு நேர் மேலே, ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்குப் பனி படர்ந்தது. மெல்ல வற்றியது. மறுபடி படர்ந்தது. வசந்தகுமார் தோள் துண்டால் அதைத் துடைத்தார். போகவில்லை. பனி உள்பக்கம் இருந்தது.

“ஐஸ் பெட்டின்னா பனி புடிக்கத்தான் செய்யும்,” என்றார், யாரும் கேட்காமலே.

ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு அவிட்டம் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. செத்த அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். பிணத்தை வாசல் வழியே எடுக்காமல் சுவரை இடித்து வெளியே கொண்டுபோக வேண்டும். அந்த அறையோ மகள் சத்யாவின் தலைப்பிரசவத்துக்கென்று டைல்ஸ் ஒட்டி, ஏ.சி. மாட்டி, வெளிச்சுவரில் கிரானைட் பதித்தது. வெயில் தாங்கவில்லையென்று கிழவரைப் பத்து நாளைக்கு அங்கே படுக்க வைத்ததுதான் தவறாகப் போயிற்று. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்தக் கோப்பையும் தேதி தாண்ட விடாதவர் வசந்தகுமார். அப்பாவையும் தாண்ட விடவில்லை. மூக்கருகே விரலை வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், “போயிருச்சு” என்று அறிவித்தார். ஐஸ் பெட்டிக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நாலரைக்கே போன் போயிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மோட்டார் எரிந்தது. அதற்கடுத்த வாரம் மகன் சேரன், ஓடாமல் கடைவீதியில் ஸ்டாண்டு போட்டு நின்ற பைக்கோடு சேர்ந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. சினைமாடு நாள் நிறையாமலே கன்றைப் போட்டது. ஃப்ரிட்ஜ் நின்றது. கோயில் கமிட்டிப் பட்டியலில் வசந்தகுமாரின் பெயர் விடுபட்டது. மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட அவர் இதற்கு மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நடவடிக்கையில் இறங்கினார். முதற்கட்டமாக வாசலில் பூசணிக்காய் கட்டினார். அது ஒரே ராத்திரியில் அழுகி ஒழுகியது. இரண்டாம் கட்டமாக இன்னொன்று கட்டினார்.

“ஏன்டி செல்வராணி, ஒங்க வீட்டுக்குப் பூசணிக்காய் போடுறவன் மாடி வீடே கட்டிருவான் போலயே,” என்றாள் பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள்.

செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்து தெரு அடங்கிப்போகும் மத்தியான நேரங்களில், பாத்திரம் கழுவிய கை காய்வதற்குள், சாத்திக்கிடக்கும் அந்த அறையிலிருந்து தைல வாசனையும் பழைய போர்வையின் மூத்திர நெடியும் கதவிடுக்கு வழியாக மெல்லக் கசிந்து வரும். கூடவே, அடித்தொண்டையில் சளி உரச, கிணற்றிலிருந்து கனத்த வாளியை இழுப்பதுபோல ஒரு மூச்சு. இழுக்கும். நிற்கும். அவள் ஏழு எண்ணுவாள். பிறகு விடும். கடைசிப் பத்து நாளும் கட்டிலோரம் உட்கார்ந்து எண்ணியவளுக்கு அது யாருடைய மூச்சு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. புது டைல்ஸ் பளபளக்கும்.

ஆவணியில் சத்யாவுக்கு வளைகாப்பு நடந்தது. ஏழாம் மாதம். மறுநாள் கை நிறையக் கண்ணாடி வளையலோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வளைகாப்பு அன்று சாயங்காலமே செல்வராணி வாயைத் திறந்தாள்.

“என்னங்க, புள்ளைய அந்த ரூம்ல படுக்க வைக்க வேணாம்.”

“ஏன்? மெக்கானிக் வந்து ஏ.சி.யப் பாத்துட்டுப் போயிட்டாரே.”

“அன்னைக்கு நாலு அம்பதுக்கு மாமாவுக்கு உசுரு போகலங்க.”

வசந்தகுமார் பேப்பரை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார்.

“ஃப்ளெக்ஸ்ல போட்டாச்சு. சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. கவர்மெண்டே ஒத்துக்கிட்டத மறுக்க நீ யாரு?”

“கண்ணாடிய நீங்களும்தானே தொடைச்சீங்க.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “பின்ன எதுக்கு இத்தன பூசணிக்காய்னு நெனச்ச?”

அவருக்குத் தெரியாது என்று நான்கு மாதம் நம்பியிருந்தாள். தெரிந்தேதான், கமிட்டிக்காகப் பட்டினி கிடந்த அந்த இரண்டு நாள் போக, தினமும் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார்.

சத்யா வந்ததும் செல்வராணி ஹாலில் பாய் விரித்தாள். மகள் கேட்கவில்லை. “இங்கிட்டு ஒரே புழுக்கமா இருக்கும்மா. எனக்குன்னு அப்பா ஏ.சி. போட்டிருக்காருல்ல, அந்த ரூம்லயே படுத்துக்கிறேன்.” அப்பாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள்தான் போனார். தாத்தா கடைசியில் எப்படிப் போனார் என்று வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எப்படிச் சொல்வது? செல்வராணி சொல்லவில்லை. கட்டில் அருகில் தரையில் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. தைல வாசனைகூட இல்லை. போய்விட்டது என்று நினைத்தாள். பேத்தியோ பேரனோ வருகிற வீட்டில் அது இருக்காது என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மழை இருட்டு. சேரன் வெளியே போயிருந்தான். சத்யா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏ.சி.யின் முனகலுக்கு அடியில், மழைக்கு முந்திய அந்தப் புழுதி வாசனைக்கு அடியில், முதலில் நெடிதான் வந்தது. போர்வையின் நெடி.

பிறகு அது.

இழுத்தது. நின்றது.

சத்யாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னச் சின்ன மூச்சு, சீராக வந்தது. இது அவளுடையது இல்லை.

ஏழு. விட்டது.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சத்யாவின் செருப்பு மட்டும் கிடந்தது. திரைச்சீலையை விலக்கினாள். ஜன்னல் கம்பி மட்டும். சுவரில் காதை வைத்தாள். சுவர் சில்லென்றிருந்தது, ஊமையாக இருந்தது. ஏ.சி.யை அணைத்தாள். அறை முழுக்க அமைதி ஏறியது. அந்த அமைதியில் மறுபடி இழுத்தது, சளி உரச.

கட்டிலிலிருந்து.

நெருங்கினாள். சத்யாவின் மார்பு தன்பாட்டுக்கு வேகவேகமாக ஏறி இறங்கியது. அதற்குக் கீழே நைட்டிக்குள் வயிறு. அது தனியாக ஏறியது. மெதுவாக. உச்சியில் நின்றது. செல்வராணியின் உதடு தானாக அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஏழில், வயிறு இறங்கியது. கரகரவென்று.

கையை வைத்தாள். சில்லென்றிருந்தது.

சத்யா கண் விழித்தாள். வெகுநேரமாக விழித்திருந்தவள் போல, கூரையையே பார்த்தாள்.

“அம்மா, காலையில இருந்து புள்ள அசையவே இல்லம்மா,” என்றாள். “மூச்சு மட்டும் விடுது.”

“என்னங்க!” செல்வராணி கத்தினாள். “வண்டியக் கூப்பிடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டியக் கூப்பிடுங்க!”

வசந்தகுமார் வாசற்படிக்கு வந்தார். பார்த்தார். வயிறு ஏறுவதை. நிற்பதை. அறைக்குள் கால் வைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைச் சரியாக அழுத்தினார்.

நான்கு. ஐந்து.

மகளின் கை அம்மாவின் கையைப் பிடித்தது. வளையல்கள் சரிந்தன.

ஏழு.

இறங்கவில்லை.

எட்டு. ஒன்பது. பத்து.

“ஆமாங்க... ஆமாங்க ஜோசியரே... இப்பத்தான்,” என்று வாசற்படியில் குரல் தணிந்து கேட்டது. “எத்தன மணி வரைக்கும்?”

பதினாலு. பதினைந்து. வயிறு உச்சியிலேயே நின்றது. தோல் விறைத்து, நைட்டிப் பூக்கள் அகன்றன. சத்யாவின் வாய் திறந்தது. அவளுடைய சின்ன மூச்சும் இப்போது நின்றிருந்தது.

வசந்தகுமார் போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஆறு மணி வரைக்கும் சுவாதிதானாம்,” என்றார். “அடைப்பு இல்ல.”