கடிகாரத்துக்குள் ஒரு குட்டி ஈ

சிட்டுவின் அம்மா கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அன்று காலை வாடிக்கையாளர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"நேத்துதான் வாங்கிட்டுப் போனேன். கண்ணாடிக்குள்ள பாருங்க!"

முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஈ செத்துக் கிடந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, சுத்தம் செய்து கொடுத்தார்.

ஈ எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஜன்னலோரத்தில் இருந்த சிட்டுவின் எலுமிச்சைத் தொட்டியைத் தட்டினாலே ஈக்கள் புகைபோலக் கிளம்பும். விதை போட்டு அவளே வளர்த்த செடி. அதற்கு வணக்கம் சொல்லாமல் அவள் பல்கூடத் துலக்க மாட்டாள்.

"யாருக்காவது குடுத்துடலாம், கண்ணு."

சிட்டுவுக்கு அழுகை முட்டியது. "லீவு விடறவரைக்கும் டைம் குடும்மா."

"அதுவரைக்கும் நான் கடையில ஈ ஓட்டணுமா?"

"பிரிச்ச கடிகாரத்து மேல டம்ளரைக் கவுத்து வச்சுக்கோ. ப்ளீஸ்மா!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதித்தார்.

சிட்டு அம்மாவின் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு தொட்டி மண்ணைக் கிளறினாள். நூல்போல வெள்ளைப் புழுக்கள். இவைதான் ஈயாகின்றன!

பள்ளி மரத்தடியிலும் ஈர மண்தான். அங்கே மட்டும் ஏன் இத்தனை ஈ இல்லை?

மறுநாள் அங்கிருந்து ஒரு பிடி இலைச்சருகை அள்ளி வந்து காகிதத்தில் கொட்டினாள். கடுகைவிடச் சின்னதாய், பழுப்பு நிறத்தில் ஏதோ ஓடியது. எட்டுக் கால்!

"ஐயே, உண்ணி!"

அது அவளைச் சட்டைகூடச் செய்யவில்லை. சிட்டு ஒரு வெள்ளைப் புழுவை அதன் முன்னால் வைத்தாள். லபக்! உண்ணி பாய்ந்து பிடித்துக்கொண்டது. இது ரத்தம் குடிக்கிற உண்ணி இல்லை, புழு தின்னும் மண் உண்ணி!

"அம்மா, ஓடி வா!"

அம்மாவும் லென்ஸ் வழியே பார்த்தார். "அடேங்கப்பா, கொள்ளைப் பசி போல!"

சருகை அதிலிருந்த உண்ணிகளோடு தொட்டியில் பரப்பினார்கள். ஈக்கள் உடனே போய்விடவில்லை. சிட்டு தினமும் தொட்டியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். டம்ளர்கள் கவிழ்ந்தே இருந்தன. ஆனால் நாளாக நாளாக ஈக்கள் குறைந்தன. லீவு விட்ட அன்று தட்டியபோது ஒன்றுகூடப் பறக்கவில்லை.

அம்மா டம்ளர்களை நிமிர்த்தினார். மேசையில் ஒரு பழுப்புப் புள்ளி தடுமாறிக்கொண்டிருந்தது. சக்கரங்களைத் துடைக்கும் மெல்லிய தூரிகையில் அதைப் பதமாக ஏற்றிக்கொண்டார்.

"உங்க ஆளு வழி தவறி வந்துட்டார் போல, சிட்டு," என்றபடி தொட்டியில் இறக்கிவிட்டார்.