கோணல் தையல்

டெலிபோன் அலறியது!

1946. நியூரம்பெர்க். குண்டு விழாத கட்டடமாகத் தேடிப் பிடித்துத்தான் கோர்ட்டே வைத்திருந்தார்கள்.

போர்க்குற்ற விசாரணை அதிகாரி கேப்டன் மன்ஹைம் ரிசீவரை எடுத்தார்.

"சார், ஜெயில்லேர்ந்து பேசறேன். அந்தக் கைதி டீட்ஸ்... சாட்சி அடையாளம் காட்டலைன்னா மதியம் அவனை விட்டுடணும். மேலிடத்து உத்தரவு!"

"அவன் டீட்ஸ் இல்லய்யா! சிறைமுகாம் டாக்டர் ஆல்ப்ரெக்ட்!"

"நிரூபிங்க சார்!"

எப்படி? நாஜிகள் முகாமையே கொளுத்திவிட்டு ஓடியிருந்தார்கள். மிச்சம் ஒரே ஒரு சாட்சி.

யாத்விகா. போலந்துக்காரி. நோயே இல்லாத அவள் காலை அறுத்து, கண்ணாடித் தூளும் அழுக்கும் வைத்துத் தைத்து, என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்திருந்தார்கள். அதற்குப் பெயர் விஞ்ஞானம்!

நொண்டியபடி உள்ளே வந்தாள்.

எதிரே அவன். தொப்பியைக் கசக்கியபடி, பால் குடிக்காத பூனையாக.

"நான் வெறும் எடுபிடிம்மா. வாளி தூக்கினேன், தரை தொடைச்சேன்..."

"இவனா, யாத்விகா?"

நெடுநேரம் பார்த்தாள்...

"தெரியல கேப்டன். எல்லாரும் மூஞ்சில துணி கட்டியிருந்தாங்க!"

போச்சு!

அவன் எழுந்தான். போகிற போக்கில் அவன் கண் அவள் காலில் விழுந்தது. தழும்பில் ஒரு கணம் நின்றது... ரசித்தது!

அவள் பார்த்துவிட்டாள்.

"எந்தக் கத்துக்குட்டி தைச்சானோ!" காலை நீட்டினாள். "எங்க ஊர்ல கோணி தைக்கிறவன்கூட இதைவிட நேராத் தைப்பான்."

"விடுங்க யாத்விகா..."

"கோணலைப் பாருங்க கேப்டன்! இதைத் தைச்சவனெல்லாம் டாக்டரா? கசாப்புக் கடையிலகூட சேர்க்க மாட்டாங்க!"

அவன் காது சிவந்தது. கழுத்து சிவந்தது.

"கோணலா?" வெடித்தான். "மடச்சி! இந்தத் தையலை ஐரோப்பாவுல என்னைத் தவிர எவனும் போட முடியாது! பெர்லின்ல எழுந்து நின்னு கைதட்டினாங்க!"



வாயைப் பொத்திக்கொண்டான்... வார்த்தை வெளியே வந்த பிறகு!

மன்ஹைம் பேனாவைத் திறந்தார்.

"பேரு... டாக்டர் ஆல்ப்ரெக்ட். சரிதானே?"

தொங்கிப்போன தலை விருட்டென்று நிமிர்ந்தது. பழக்கதோஷம்!

"ப்ரொஃபஸர் டாக்டர் டாக்டர் ஆல்ப்ரெக்ட்! எனக்கு ரெண்டு டாக்டர் பட்டம்!"

யாத்விகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டையும் எழுதிக்குங்க கேப்டன். தூக்குக்குப் போற கழுத்து ஒண்ணுதான்!"