கரடிக்குள் இரண்டு விசில்

பரீட்சை முடிந்த மறுவாரம் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. துணிக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு மேசை, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, ஒரு போன். படி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். லீவு முழுக்க வீட்டில் கிடந்து திட்டு வாங்குவதைவிட எங்காவது வேலை பார்த்தால் கைச்செலவுக்காவது ஆகுமே என்று வந்தவர்கள். அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவரை எல்லோரும் வேலையண்ணா என்றே கூப்பிட்டார்கள். காதோரம் நரைத்துவிட்டது, வீட்டில் பதினாறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், ஆனாலும் அண்ணா என்று கூப்பிட்டால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும்.

வாய்ப்பந்தல் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தகரக் கொட்டகையில் நாள் முழுக்கப் பெட்டி கட்டுகிற வேலையை, "உடம்புக்கு நல்ல எக்சர்சைஸ்டா" என்பார். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை, "ஓட்டல் நிர்வாகம் கத்துக்கலாம்" என்று ஆகிவிடும். வருகிற பிள்ளை யார், எந்த வீட்டுப் பிள்ளை, உடம்புக்கு ஏதாவது உண்டா, எதையும் கேட்க மாட்டார். "யாரா இருந்தா என்ன? ரெண்டு கை, ரெண்டு கால் இருக்குல்ல? போ." அவ்வளவுதான் இன்டர்வியூ.

தன் மகளை மட்டும் அந்தப் படியில் ஏற விட்டதில்லை. அவளும் ஒவ்வொரு கோடைக்கும் கேட்டுப் பார்த்தாள். "என் பொண்ணு வெயில்ல நாய்படாதபாடு படணுமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். ஊரார் பிள்ளைகள் படுகிற பாடு என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தக் கோடையில் ஒரு வேலைக்கு மட்டும் ஆள் நிற்கவில்லை. கடைத்தெரு முனையில் இருந்த பெரிய பொம்மைக் கடையில் கரடி வேலை.

கரடி என்றால் தலையிலிருந்து கால்வரை பழுப்பு ரோமம் வைத்துத் தைத்த முழு உடுப்பு. வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கையாட்ட வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். முன்பெல்லாம் தலை தனியாகக் கழன்று வரும். ஒருமுறை கரடியாக நின்ற பையன் வெக்கை தாங்காமல் தலையைக் கழற்ற, கரடியின் கழுத்தில் மனிதத் தலையைப் பார்த்த குழந்தைகள் வீறிட்டுவிட்டன. முதலாளி அன்றைக்கே தலையை உடம்போடு சேர்த்துத் தைக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு வெளியே வர ஒரே வழி, முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடும் ஜிப். உள்ளே இருப்பவர் கை அங்கே எட்டாது. வெளியே இருப்பவர் மனது வைத்தால்தான் உண்டு.

போன கோடையில் அந்த உடுப்புக்குள் நின்றவன் ஒரு காலேஜ் பையன். எந்நேரமும் உதட்டைக் குவித்துக்கொண்டே திரிவதால் அவனுக்கு விசில் என்றே பெயர். முதல் நாள் உடுப்புக்குள் நுழையும்போது வேலையண்ணாவிடம்தான் சொன்னான்.

"அண்ணா, உள்ள இருந்து கத்தினா வெளிய கேட்காது. முடியலைன்னா ரெண்டு விசில் அடிக்கிறேன். திறந்து விட்டுடுங்க."

"அடிடா ராஜா, ஓடி வரேன்" என்றார் அவர்.

வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு நாள், அவரும் முதலாளியும் கடை வாசல் நிழலில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது கரடிக்குள்ளிருந்து இரண்டு விசில் வந்தது. வாசலில் நல்ல கூட்டம். முதலாளி ஏறிட்டுப் பார்த்தார். எழுந்திருக்கச் சோம்பல்பட்ட வேலையண்ணா சிரித்தார். "பாட்டு பாடுறான் பாருங்க. குஷியா இருக்கான்."

மறுபடி இரண்டு விசில். அதற்குப் பிறகு விசில் இல்லை.

பையனின் அம்மாவிடம், அவன் காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டான், வாசலில் மயங்கி விழுந்தான், உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம், வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பூசி மெழுகிவிட்டார். விசிலைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்று அழுதாள்.

இந்தக் கோடையில் முதலில் அனுப்பிய பையன் மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா, உள்ள இன்னொருத்தன் இருக்கான்."

"கரடிக்குள்ளயா? ஒரு ஆளுக்கே அங்க இடம் பத்தாதேடா!"

"கழுத்துக்குப் பின்னால மூச்சு விடுறான்ணா. சூடா."

அடுத்துப் போனவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவன் படியேறி வரவே இல்லை. விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில் வாசலில் கரடி இல்லை என்றால் எப்படி என்று முதலாளி போனில் அவர் தலையைத் தின்றார்.

அன்று மாலையே இன்னொரு போன் வந்தது. வாயில் தலையணையை வைத்து அமுக்கியது போல மங்கலான குரல்.

"அண்ணா, கரடி வேலைக்கு ஆள் இருக்கு."

"அப்படிச் சொல்லு! நாளைக்கே அனுப்பு."

"பொண்ணு. பரவாயில்லையா?"

"கரடிக்குள்ள ஆணா பொண்ணான்னு யாரு பார்க்கப் போறாங்க? ரெண்டு கை, ரெண்டு கால் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப என்ன? போகச் சொல்லு."

"நீங்க அனுப்பச் சொன்னதா சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லு."

உதட்டின் நடுவே காற்று கசிவது போல ஒரு மெல்லிய ஓசை வந்து போன் நின்றது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளக் கடைக்குப் போனார். வாசலில் கரடி குதித்துக் குதித்துக் கையாட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அதன் காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றன. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நல்ல ஆளைப் பிடிச்சுட்டப்பா. காலையில இருந்து ஒரு நிமிஷம் உட்காரல" என்று ஜூஸ் வரவழைத்தார். அதே நிழல், அதே நாற்காலி. ரோமம் வெயிலில் காய்ந்து, ஈரக் கம்பளியும் பழைய வியர்வையும் கலந்த நாற்றம் வாசல்வரை வந்தது. தம்ளரை வாயருகே கொண்டுபோனவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கவில்லை.

விசில்.

ஒன்றல்ல, இரண்டு.

கரடி கையாட்டுவதை நிறுத்தியது. மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. திறந்த வாய்க்குள் கறுப்பு வலை. அந்த வலைக்குப் பின்னாலிருந்து யாரோ தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

"யாரு இது, விசில் எல்லாம் அடிக்குது?" என்று முதலாளி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மறுபடி இரண்டு விசில். இந்த முறை கெஞ்சுவது போல.

கரடி ஒரு கையை நீட்டிக்கொண்டு அவரை நோக்கி ஒரு அடி வைத்தது.

தம்ளர் கீழே விழுந்து உடைந்தது. வேலையண்ணா பிடரியில் கால்பட ஓடினார். யார் மேல் மோதினோம், எந்தத் தெருவில் திரும்பினோம் என்று தெரியாமல் ஓடி, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றபோது பையில் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, கடைப் பக்கமா இருக்கீங்களா? நம்ம பொண்ணு தண்ணி பாட்டிலை மறந்துட்டுப் போயிட்டா. ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."

"எந்தக் கடை?"

"என்னங்க ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? கரடி வேலைக்கு நீங்கதானே வரச் சொன்னீங்க? உங்க ஆபீஸ் பையன் நேத்து ராத்திரி நீங்க படுத்தப்புறம் போன் பண்ணினான். அப்பா தாராளமா அனுப்பச் சொன்னார்னான். அவளுக்குச் சந்தோஷத்துல தூக்கமே இல்ல. நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா."

அவர் ஆபீசில் பையன் யாரும் கிடையாது.

"அவன் குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"என்னமோ தலையணைய வெச்சு அமுக்கின மாதிரி. ஏங்க? ஏங்க?"

ஓடி வந்த வழியெல்லாம் திரும்பி ஓடினார். ஓடும்போதே ஒன்று உறைத்தது. வலைக்குப் பின்னாலிருந்து தன்னைப் பார்த்தவை மகளின் கண்கள். அவள் கையை நீட்டினாள். அவர் ஓடினார்.

கரடி வாசலில் குப்புற விழுந்து கிடந்தது. இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்து நான்கைந்து குழந்தைகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தன. முதலாளி கதவுக்குப் பின்னால் நின்றார், கிட்டே வரவில்லை. வேலையண்ணா குழந்தைகளை விலக்கிவிட்டு ரோமத்துக்குள் கைவிட்டு ஜிப்பை இழுத்தார்.

அசையவில்லை.

உள்ளேயிருந்து யாரோ இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். துணிக்கு அடியில் விரல்கள் தெரிந்தன. மகளின் விரல்கள் அல்ல. பெரியவை, சூடானவை.

"விட்டுடுடா" என்று கிசுகிசுத்தார். "என் பொண்ணுடா. உன் காலைப் பிடிக்கிறேன். விட்டுடு."

காதோரத்தில் அந்தத் தலையணைக் குரல்.

"ரெண்டு தடவை அடிச்சேன்ணா."

"தெரியும். கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சுடா!"

விரல்கள் விலகின. ஜிப் தானாகக் கீழே இறங்கியது. குப்பென்று அடித்த வெக்கையோடு மகளை வெளியே இழுத்தார். முகம் சிவந்து, கண் செருகி, நனைந்த துணியாகத் துவண்டு கிடந்தாள். உயிர் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர் ஒருமுறை கீழே பார்த்தார்.

காலியான கரடியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகள் பிழைத்து வீடு வந்தாள். ஆனால் பேசவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகில் ஒரு கோடு. கோட்டின் இருபுறமும் சிறுசிறு தடிப்புகள், ஜிப்பின் பற்கள் போல ஒன்றின் இடுக்கில் ஒன்று பொருந்தியபடி. வேர்க்குரு, போய்விடும் என்றார் டாக்டர்.

வீடு வந்த முதல் நாள் உச்சிவெயிலில் உள்ளறையிலிருந்து இரண்டு விசில் கேட்டது. விசில் அடிக்க அவளுக்குப் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. ஓடிப் பார்த்தால் உதடு இறுக மூடியிருந்தது, முகம் நீலம் பாரித்திருந்தது, மூச்சே இல்லை. மனைவி நெஞ்சைத் தேய்த்தாள், கன்னத்தில் தட்டினாள். எதற்கும் அசையவில்லை. வேலையண்ணாவுக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு விரலைக் கழுத்தில் வைத்து அந்தக் கோட்டின் வழியே இடுப்புவரை இழுத்தார். மகளுக்கு மூச்சு வந்தது.

பிறகு தினமும் அப்படித்தான். மனைவி விரலுக்கு அது மசியவில்லை, அவர் விரல்தான் வேண்டும். மனைவியிடம் மட்டும் அந்த விசில் கதையைச் சொன்னார். ஆபீசை இழுத்துப் பூட்டினார். விசில் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தே கிடந்தார்.

"அந்தப் பையனோட அம்மாகிட்டப் போய் நடந்ததைச் சொல்லிடுங்க" என்று மனைவி அழுதாள். "அது ஒண்ணுதான் பாக்கி. நம்ம பிள்ளைய விட்டுடுவான்."

ஒருநாள் கிளம்பினார். அந்த வீட்டுக் கதவுவரை போனார். உள்ளே அந்த அம்மா யாரிடமோ, "அவர் மட்டும் இல்லைன்னா என் பிள்ளை அனாதையாக் கிடந்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அத்தனை பந்தல் போட்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டாமலே திரும்பினார். வீட்டில், சொல்லிவிட்டேன் என்றார்.

மறுநாள் உச்சிவேளையில் விசில் வரவில்லை.

மகள் தானாக எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்து ரொட்டியும் பாலும் கேட்டாள். அவள் முதுகைத் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா, உண்மையைச் சொன்னதும் விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கி வரக் கடைக்குப் போனாள்.

அவர் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது. கடைசிவரை அந்த அம்மாவிடம் எதையும் சொல்லாமலே தப்பித்துவிட்டோம் என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது.

முதுகில் நடுத்தண்டு நெடுக எதுவோ அரித்தது.

ஈரக் கம்பளி நாற்றம்.

கழுத்துக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு.

அவர் முதுகிலிருந்து இரண்டு விசில்.

வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மேலேயிருந்தும் எட்டவில்லை, கீழேயிருந்தும் எட்டவில்லை. நாற்காலியோடு சரிந்து, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, மகளை நோக்கி ஒரு கையை நீட்டினார்.

மறுபடி இரண்டு விசில்.

மகள் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்திவிட்டுத் தலை சாய்த்துக் கேட்டாள். பிறகு பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பாட்டு பாடுறார் பாருங்க" என்றாள், தலையணையை வைத்து அமுக்கிய குரலில். "குஷியா இருக்கார்."