இரண்டாவது மூட்டை

"இது என்ன இலைன்னு சொல்லுங்க!"

மழையோடு மழையாக உள்ளே வந்தவள் பொட்டலத்தை வைத்த வேகத்தில் தராசுத் தட்டு ஆடியது. நாட்டு மருந்துக் கடைக்காரன் நிமிர்ந்தான். கோபம் கொப்பளிக்கும் பெரிய கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் இலை மேடம். போன மாசமும் நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"அது எங்க லேப்ல மலேரியாக் கிருமியைக் கொன்னுது. இது ஒண்ணுமே பண்ணல. கலப்படம்!"

அவனுக்குச் சுருக்கென்றது. "எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அந்தப் பேச்சே கிடையாது. உங்க மிஷின்லதான் ஏதோ கோளாறு."

"வந்து பாருங்களேன்!"

சண்டைக்குத்தான் சொன்னாள். அவன் நிஜமாகவே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புவான் என்று நினைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை. "ரத்த அணுவுக்குள்ள... குட்டிக் குட்டியா ஊதா மோதிரம்?"

"அதுதான் கிருமி."

"இவ்வளவு அழகா இருந்துக்கிட்டு ஆளைக் கொல்லுதா?" என்றபடி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"கிருமியைப் பாருங்க, என்னை இல்ல!"

அவன் கேள்வி மேல் கேள்வி கேட்டான். இலையை எதில் ஊறவைப்பீங்க? எத்தனை நாள்? ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க? கடைசிக் கேள்விக்கு மட்டும் தயங்கினாள்.

"எங்க அண்ணிக்கு மலேரியா. கொடுத்த மாத்திரை எதுவுமே கேக்கல... அண்ணி வீட்டுக்குத் திரும்பல."

அவன் போன மாத மூட்டை, இந்த மாத மூட்டை இரண்டிலிருந்தும் ஒவ்வோர் இலையை எடுத்து வாயில் போட்டான்.

"ஐயோ! லேப்ல எதையும் திங்கக்கூடாது!"

முதல் இலை நாக்கைக் கசக்கிப் பிழிந்தது. இரண்டாவது... சப்பென்று இருந்தது. அவன் முகம் வெளிறியது. 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

நான்கு நாள் கடை பூட்டியே கிடந்தது. 'திங்கட்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் இந்தச் செடியை விட்டுவிடு' என்று தலைமை விஞ்ஞானி அவளிடம் சொல்லிவிட்டார். 'அவ்வளவு ரோஷமா இவனுக்கு?' என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது... எரிச்சல்தானா?

ஐந்தாம் நாள் வந்து நின்றான். முழங்கால்வரை சேறு, தோளில் வேரும் பூவுமாகச் செடிகள்.

"தப்பு என் மேலதான். ரெண்டாவது மூட்டை மொத்த வியாபாரிகிட்ட வாங்கினது. பார்க்க இதே மாதிரி இருக்கிற வேற செடி. மென்னு பார்க்காமயே கட்டிக் கொடுத்துட்டேன். அன்னிக்கு ஒத்துக்க வாய் வரல... அதான் மலைக்கு நானே போனேன்."

சாறு எடுத்துக் கிருமிகளோடு சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்துக் காலையில் அவள் பார்த்தாள்; அவனையும் பார்க்கச் சொன்னாள். மோதிரங்கள் சுருங்கிப் புள்ளிகளாகிக் கிடந்தன.

"செத்துடுச்சா?"

"செத்துடுச்சு!" துள்ளிய வேகத்தில் அவன் கையைப் பிடித்தவள், விட மறந்தாள்.

"அப்ப மருந்து ரெடியா?"

"இந்த லேப் தட்டுலதான் செத்திருக்கு. இனி எலி, அப்புறம் மனுஷங்க... பத்து வருஷம் ஆகலாம். தோத்தும் போகலாம்."

"பத்து வருஷமும் நானே செடி கொண்டு வரட்டுமா?"

"வேற யாரை நம்பறது?"

"செடிக்கு மட்டும்தானா?"

அவள் குனிந்துகொண்டாள். "கடை திறந்திருக்கான்னு நாலு நாளும் வந்து பார்த்தேன். செடிக்காகத்தான்னு நினைச்சேன்... இல்ல. உங்களுக்காக."

"பாதி மலை ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நானும் செடிக்காக மட்டும் ஏறலன்னு," என்றான் அவன்.